லியோன் வேண்டாம் என்றார்

நகர மையமான டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் என் கணவர் இருபது வருடங்களாகச் சமைக்கிறார். பிரான்சுக்குப் போனால் லியோனுக்குத்தான், சாப்பாடு என்றால் அந்த ஊர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். பயணச்சீட்டுப் பதிய உட்கார்ந்த அன்று திடீரென்று, "நீஸுக்குப் போவம். கடற்கரையில இருக்கலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "கடற்கரையில அரை மணித்தியாலம் இருக்க மாட்டியள். என்னத்தை ஒளிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. நீஸ் எண்டு போடும்."

நான் கணினியை மூடினேன். அவர் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். போன மாசியில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தது. எப்போதும் குறை பிடிப்பவர், அதற்குப் பிறகு என் கறியில் ஒருநாளும் உப்புக் குறை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு ருசி தெரியேல்லையோ?"

"ஓம்" என்றார், திரும்பாமலே. "வேலையில ஒருத்தருக்கும் தெரியாது. கைப்பழக்கத்தில உப்புப் போடுறன். தெரிஞ்சால் என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்."

எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்ற கோபம் ஆறவில்லை. ஆனாலும் கணினியைத் திறந்து நீஸுக்கு இரண்டு சீட்டுப் பதிந்தேன். மறுநாள் காலை டொக்டரிடம் அவரை நானே கூட்டிப்போனேன்.