சாமுண்டீஸ்வரி நாத்தனாரிடம் சொன்னது

சிங்கப்பூரில் ஜூரோங்கில் ஒரு பல் மருத்துவக் கிளினிக்கில் பதினெட்டு ஆண்டுகளாக உதவியாளராக இருப்பவள் சாமுண்டீஸ்வரி. நாற்காலியில் சாய்கிறவரின் வாயைப் பார்த்தே அவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரா, மாத்திரைக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவரா என்று சொல்லிவிடுவாள். உதட்டோரத்தில் நீர்க்கொப்புளத்தோடு யாராவது வந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். "இது ஆறட்டும் லா சார். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, வேற டேட் போட்டுத் தர்றேன்" என்று எல்லார் முன்னாலும் உரக்கவே சொல்வாள். அது ஒட்டிக்கொள்ளும் கிருமி, பெயர் ஹெர்ப்பிஸ் என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்தது. அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியதே இல்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலி. உட்லண்ட்ஸில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் அப்போது நாலைந்து பேருக்கு டெங்கி. அதுதான் தனக்கும் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் தொடை இடுக்கில் நெறி கட்டியது. சிறுநீர் கழிக்கப் போனால் நெருப்பாக எரிந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கொத்துக் கொத்தாய்க் கொப்புளங்கள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எத்தனை உதடுகளில் பார்த்திருக்கிறாள்! ஆனால் அந்த இடத்தில் அதைக் கண்டதும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

அடுத்த நினைப்பு அவள் கணவன் பரமசிவத்தைப் பற்றி.

பரமசிவம் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரே மகள் தாரணி பெர்த்தில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பரமசிவம் காலையில் தனியாகப் பாலம் தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூருக்குப் போவார். முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்பார், வெங்காயம் அங்கே மலிவு என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். ஒரு நாளும் அவள் துருவிக் கேட்டதில்லை. இப்போது அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண் முன்னால் வந்து நின்றன. முடி வெட்ட இரண்டு மணி நேரமா? வாரா வாரமா?

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் புளோக்கின் கீழேயே இருந்தார். அங்கே கவுண்டரில் இருப்பவள் தாரணியின் பள்ளித் தோழியின் அம்மா. அங்கே போக முடியாது. இந்த மாதிரி நோய்களுக்கென்றே ஒரு கிளினிக் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலேறினாள். நடக்க நடக்கத் துணி உராய்ந்து உயிர் போயிற்று. அவ்வளவு கூட்டத்தில் யாரும் தன்னைக் கவனிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் தலையைக் குனிந்துகொண்டு போனவளை, நாணய மாற்றுக் கடை வாசலில் நின்ற சேக் தாவூது பாய் பார்த்துவிட்டார். பரமசிவம் மலேசிய ரிங்கிட் மாற்றுவது அவரிடம்தான்.

"என்னம்மா, இன்னிக்கு வேலை இல்லையா?"

"தைக்கக் குடுத்த ரவிக்கை வாங்க வந்தேன் பாய்."

"தையக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம்லம்மா? இந்தப் பக்கம் போறீங்க?"

ஆமாம் ஆமாம் என்று சிரித்துவிட்டு அவர் காட்டிய பக்கமே நடந்தாள். ஒரு தெரு முழுக்கச் சுற்றிக்கொண்டு, நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, எண்தான். அது பெரிய ஆறுதலாக இருந்தது. தமிழ் தெரியாத டாக்டராக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் என்றால் எதையும் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிவிடலாம். தமிழில் கேட்டால் தமிழில் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? உள்ளே போனால் முக்காடிட்ட ஓர் இளம்பெண். மேசையில் டாக்டர் ஹம்னா என்று பெயர்ப்பலகை.

"வாங்க, உக்காருங்க. ரொம்ப வலிக்குதா?" என்று தமிழில்தான் கேட்டார்.

சாமுண்டீஸ்வரி தலையை நிமிர்த்தவே இல்லை. பரிசோதனை முடிந்தது. பஞ்சுக் குச்சியால் தொட்டு மாதிரி எடுத்தார்கள். ஹெர்ப்பிஸ் மாதிரிதான் தெரிகிறது, எந்த வகை என்பது ஒரு வாரத்தில் தெரியும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்த ஹம்னா, அவள் எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரு மேலயும் எதையும் முடிவு பண்ணாதீங்க."

சரி என்று தலையாட்டினாள். ரயில் உட்லண்ட்ஸ் வந்து சேருவதற்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பரமசிவம் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ஜொகூர்ல யாரைப் பாக்கப் போறீங்க?"

"யாரைப் பாக்கணும்? யாரையும் இல்லையே."

"அப்ப எனக்கு இது எங்கேருந்து வந்துச்சு?"

எல்லாவற்றையும் கொட்டினாள். பரமசிவத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல, சாமு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு வாயே திறக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தாரணியின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். குற்றமுள்ள மனசு, அதுதான் வாயடைத்துப் போயிற்று என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்தக் கொதிப்பிலேயே தோ பாயோவில் இருக்கும் நாத்தனார் உமாமகேஸ்வரிக்குப் போன் போட்டாள். உமா பரமசிவத்துக்கு ஏழு வயது மூத்தவர். அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர்.

"உங்க தம்பி எனக்குக் கெட்ட நோயைக் கொண்டாந்து குடுத்திருக்காரு, அண்ணி. ஜொகூர்ல யாரோ இருக்கா."

மறுமுனையில் விசும்பும் சத்தம் கேட்டது. அந்த நிமிஷம் சாமுண்டீஸ்வரிக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவர்கள் அப்பாவின் திதி. பதினான்கு வருஷமாக அக்காளும் தம்பியும் சேர்ந்தே கொடுப்பது. உமா தம்பியைக் கூப்பிட்டு, "உன் கையால அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் வேணாம். நீ வராதே" என்று சொல்லிவிட்டார். பரமசிவம் அன்று லீவு போட்டிருந்தார். காலையில் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சாமுண்டீஸ்வரி அவரைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி கிளினிக்.

"இது டைப் ஒன்," என்றார் ஹம்னா. "வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம் வருமா?"

கேள்வி முடிவதற்கு முன்பே சாமுண்டீஸ்வரிக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. பரமசிவத்தின் கீழுதடு, இடது ஓரம். வெயிலில் கப்பல் தளத்தில் நின்றுவிட்டு வந்தால் நாலாம் நாள் வரும். சூட்டுக் கொப்புளம் என்பார். தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பது அவள்தான். கிளினிக்கில் ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள், வீட்டில் அதற்கு அந்தப் பெயர் இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வரும்," என்றாள். "அவருக்கு வரும்."

"அப்ப அங்கேருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். உதட்டுல இருக்கறது வாய் பட்ட இடத்துக்குப் போகும். கொப்புளம் வெளிய தெரியாத நாள்லயும் ஒட்டும்."

"அப்படின்னா அவரு தப்பு பண்ணலையா, டாக்டர்?"

ஹம்னா ரிப்போர்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "டெஸ்ட் கிருமி எந்த வகைன்னுதான் சொல்லும். உங்க ஹஸ்பண்ட் எப்படிப்பட்டவர்னு அது சொல்லாது. ஆனா இந்த வகை பெரும்பாலும் வாயில இருந்து வர்றதுதான். உலகத்துல பாதிப் பேருக்கு மேல இருக்கு. வாயில இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

கிருமி நரம்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அடியோடு போகாது, உடம்பு தளர்ந்தால் எப்போதாவது தலைகாட்டும், இந்த வகை அந்த இடத்தில் அடிக்கடி வராது, குறுகுறுவென்று தொடங்கும்போதே மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்கும், புண் இருக்கும்போது விலகியிருக்க வேண்டும், தட்டு தம்ளராலோ துணியாலோ பயமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சாமுண்டீஸ்வரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதை யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணுமா?"

"ஹஸ்பண்ட்டுக்குத் தெரியணும். மத்தவங்களுக்குத் தேவையே இல்ல."

"நான் சொல்லிட்டேன், டாக்டர்," என்றாள்.

அன்று பரமசிவம் வந்ததும் காலணி கழற்றும் இடத்திலேயே வைத்து விஷயத்தைச் சொன்னாள். மன்னிச்சிடுங்க என்றாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான்தான் குடுத்தேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல. அதுல வேலை பாக்குறவ நான்."

சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தபடி அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஜொகூர்ல என்னதான் பண்றீங்க?"

"முடி வெட்டிக்குவேன், மாசத்துக்கு ஒரு தடவை. மத்த வாரம் ஒரு டீக்கடையில உக்காந்திருப்பேன். பேப்பர் படிப்பேன். கப்பல் யார்டுல ஆறு நாளும் கத்திக்கிட்டே இருக்கேன்ல? அங்க யாரும் கூப்பிட மாட்டாங்க." அவர் முகம் சிவந்துவிட்டது. "சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல."

அவள் நம்பினாள். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு பொய்யைக்கூடத் தடுமாறாமல் சொல்லி முடித்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணிகிட்ட நான் போய்ச் சொல்லணும்."

"வேணாம், விட்டுடு."

"ஏன்?"

"உதட்டுல இருந்தது உனக்கு எப்படி வந்துச்சுன்னு அக்கா கேக்கும். அதை எப்படிச் சொல்லுவ?" என்றார் பரமசிவம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் பேரில் ஒட்டிய கறையைத் துடைக்க வேண்டுமானால், புருஷனும் பெண்டாட்டியும் கதவடைத்துக்கொண்டு செய்ததை அவருடைய அக்காளிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாகிறவரை கெட்டவர். அந்த ராத்திரி முழுக்கப் புரண்டாள்.

சனிக்கிழமை காலையில் தோ பாயோவுக்குத் தனியாகப் போனாள். உமா கதவைத் திறந்து, "வா" என்றார். வீட்டில் வேறு யாருமில்லை. டீ கொண்டுவந்து வைத்தார். தனக்குக் கண்ணாடி கிளாஸ், சாமுண்டீஸ்வரிக்குக் காகிதக் கோப்பை. தூக்கி எறிந்துவிடலாம் அல்லவா? காது மடலெல்லாம் சூடாகிவிட்டது சாமுண்டீஸ்வரிக்கு.

"அண்ணி, நான் தப்பாச் சொல்லிட்டேன். ஜொகூர்ல யாரும் இல்ல."

"அப்ப நோயி?"

"இருக்கு. அது அவரு உதட்டுல வருமே, அந்தக் கொப்புளம். அதே கிருமிதான்."

"உதட்டுல வர்றது உனக்கு எப்படி..." என்று தொடங்கிய உமா, பாதியில் நிறுத்திவிட்டார். புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. சாமுண்டீஸ்வரி தரையில் ஒரு சதுரக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.

"கட்டுன புருஷன்தானே, அண்ணி," என்றாள் கடைசியில். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நிமிர்ந்து பார்த்தாள். உமாவின் மேலுதட்டில் காய்ந்துபோன பொருக்கு ஒன்று இருந்தது. "உங்க உதட்டுல இருக்கே, அதுவும் இதுதான். சின்ன வயசுல வீட்ல யாராவது முத்தம் குடுத்து வந்திருக்கும். அவருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்."

உமாவின் கை சட்டென்று வாய்க்குப் போயிற்று.

"அப்பாவுக்கு வரும்," என்றார். "மீசைக்குக் கீழ. எங்களைத் தூக்கிக் கொஞ்சும்போது சொரசொரன்னு குத்தும்." பிறகுதான் அது உறைத்தது போலும். "அந்த அப்பாவோட திதிக்கா அவனை வராதேன்னு சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் "ம்" என்றது. அவ்வளவுதான் பேச்சு. அடுத்த அமாவாசைக்கு இருவரும் கோயிலுக்குச் சேர்ந்து போனார்கள். தவறிப்போன திதி தவறிப்போனதுதான்.

சாமுண்டீஸ்வரிக்கு இந்த ஒரு வருஷத்தில் ஒரே முறை திரும்ப வந்தது. குறுகுறுவென்றதும் மாத்திரை போட்டாள், நாலு நாளில் அடங்கிவிட்டது. "இன்னிக்கு வேணாம்" என்று இருவரில் யாராவது சொன்னால் மற்றவர் ஏன் என்று கேட்பதில்லை. நோயைப் பற்றி இப்போது அவளுக்குப் பெரிய வெட்கம் இல்லை. தான் ஒரு வாரம் என்ன செய்தோம் என்பதை நினைத்தால்தான் ரயிலில் போகும்போதுகூட முகம் சூடாகிறது. வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் போன அந்தக் காலை மட்டும் மனசை விட்டுப் போவதே இல்லை. தீபாவளிக்குப் போனபோது உமா தம்பி மனைவிக்கும் கண்ணாடி கிளாஸில்தான் காப்பி கொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. அறிந்துகொண்டதை இனி அறியாமல் இருக்க முடியாதே.

டிசம்பரில் தாரணி விடுமுறைக்கு வந்தாள். பரமசிவத்துக்கு அப்போது உதட்டில் கொப்புளம், மாஸ்க் போட்டிருந்தார். கட்டிப்பிடிக்க ஓடி வந்த மகளைத் தோளோடு நிறுத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"என்னப்பா, வீட்டுக்குள்ள மாஸ்க்?"

அவர் மனைவியைப் பார்த்தார். "உதட்டுல ஹெர்ப்பிஸ்மா. ஆறுற வரைக்கும் முத்தம் கித்தம் கூடாது. ஒட்டிக்கும்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஓ, கோல்ட் சோரா?" என்று அதற்கு வழக்கமான ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டுத் தாரணி பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள்.

மகளிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை இன்னும் சொல்லவில்லை.