ஓட்டுநர் சீட்டின் முதுகுச் சட்டம்

சலவைக் கம்பெனியின் துணி மூட்டைகளை ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அப்பாவின் தொழில். வேன் அவருடையது. அவர் வாய் திறந்தால் எதிரே வருகிறவன் சரியாக ஓட்டவில்லை என்று அர்த்தம். வண்டிச் சாவியை யாராவது கேட்டால் கிட்னியைக் கேட்டதுபோல் பார்ப்பார். ஆறடி உயரம், கெட்டுப்போன இடுப்பு. சீட்டைச் சாய்க்கிற லிவர் உடைந்தபோது புதிது வாங்கவில்லை. முதுகுச் சட்டத்தின் முன்பக்க போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, தனக்குத் தோதாகச் சாய்த்து, ஒரேயடியாக முடுக்கிவிட்டார்.

அந்தச் சட்டம் போன வாரம் விரிசல் விட்டது. கழற்றி, வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து, சுவரில் சாய்த்து வைத்தார். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

"நான் ஓட்டறேன்," என்றாள் அம்மா.

அவள் தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அக்கா, நீ லைசென்ஸ் வாங்கினதோட சரி. ஓட்டினதைக் கண்ணால பார்த்தவங்க யாரு? பேசாம வித்துடு."

"நீ வாங்கிக்கிறியா?"

"எனக்கெதுக்கு அந்த ஓட்டை வண்டி?"

"அப்ப வாயை மூடு." மகளிடம் திரும்பினாள். "நீ இன்ஜினியர்தானே? சீட்டை மாட்டிக் கொடு."

மகள் இயந்திரங்கள் வடிவமைக்கிறவள். அப்பா எதைக் கழற்றினாலும் போல்ட்டையும் வாஷரையும் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து வைப்பார். கம்பி சட்டத்திலேயே தொங்கியது. வரிசை மாறாமல் எடுத்து மாட்டினாள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் குறுக்காக முடுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. உறையை இழுத்துப் போட்டாள். இத்தனை நாளில் உருப்படியாக முடிந்த வேலை இது ஒன்றுதான்.

"உட்காரும்மா."

அம்மா ஏறிச் சாய்ந்ததும் ஆளையே காணோம். ஸ்டியரிங்மேல் விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.

"வானம் நல்லாத் தெரியுது."

"சீட்டை முன்னாடி இழுத்துக்கோ."

"இழுத்தாச்சு. கால் எட்டுது, கை சரியா எட்டல. உங்கப்பாவுக்கு மாட்டியிருக்கேடி."

வரிசை சரி, கோணம் சரி, மொத்தமும் தப்பு. உட்காரப்போவது யார் என்று மகள் யோசிக்கவேயில்லை. தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் காய்ச்சி எடுத்திருப்பாள்.

"நான் அப்பவே சொன்னேன்…" என்று மாமா ஆரம்பித்தார்.

"மாமா, அந்த ஸ்பேனரை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

போல்ட்டுகள் தளர்ந்தன. முதல் வாஷரைப் பிடித்ததோடு கை நின்றுவிட்டது.

"என்னடி, சிக்கிக்கிச்சா?"

"இல்லம்மா."

"அப்ப உருவு. நாளைக்கு மூட்டை ஏத்தணும். இன்னிக்கு ஒரு சுத்துப் போயிட்டு வரணும்."

எல்லாவற்றையும் உருவினாள். சட்டம் நிமிர்ந்தது. மறுபடி முடுக்கினாள். அம்மா உட்கார்ந்தாள், கை எட்டியது. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் பக்கத்துச் சீட்டில் ஏறப்போனாள்.

"நீ எங்கே?"

"கூட வர்றேன்."

"பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு கியரே விழாது. கேட்டைத் திற. உன் மாமாவை ஓரமா நிக்கச் சொல்லு."

மாமா சொல்லாமலே சுவரோடு ஒட்டிக்கொண்டார். வண்டி ஒருமுறை அணைந்தது. மறுபடி கிளம்பி, கேட் தூணை மயிரிழையில் விட்டுவிட்டு, தெருவில் இறங்கியது. இடது பக்கம் திரும்பப்போவதாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நேராகப் போனது.