கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவர்

ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் அவரைச் சந்தித்தேன். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். எந்தக் கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்.

தோல் பதனிடும் டேனரிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய விரும்பினார். பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுத் தலைப்புகளுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

"தரவுத்தளத்துல தேடிட்டேம்மா, ஒண்ணுமே இல்ல. வேற தலைப்பு எடுத்துக்க" என்றேன்.

"இன்னான்னு தேடினீங்க சார்?"

"டேனரி, பெண்கள்னு."

"அப்படிப் போட்டா வர மாட்டாங்க சார். ஆத்துத் தண்ணி கெட்டதைப் பத்திதான் ஜாஸ்தி எழுதியிருக்காங்க. அது பின்னாடி போவோம், வாங்க."

நூலகக் கணினியில் பாலாற்று மாசு பற்றிய கட்டுரை ஒன்றைத் திறந்தார். அதன் கடைசியிலிருந்த துணைநூல் பட்டியலில் ஒன்றைப் பிடித்தார். பிறகு அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்தார். கருச்சிதைவு, தோல்நோய், கூலி என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் எங்கள் ஊர்ப் பெண்கள் பேசினார்கள்.

ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன். "வர்றேன் சார், பஸ் போய்டும்" என்று ஓடினார்.

நான் எழவில்லை. முன்பு 'ஒன்றுமில்லை' என்று சொல்லி நான் மாற்றவைத்த தலைப்புகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, அவர் காட்டிய வழியிலேயே தேடினேன். ஒவ்வொன்றுக்கும் கட்டுரைகள் இருந்தன.