கழுவாமல் விட்ட பைன்

அந்த மலைப் பண்ணைக்காரருக்குப் பைன் மரம் வெறும் களை. பக்கத்துத் தோப்பிலிருந்து விதை பறந்து வந்து மேய்ச்சல் நிலமெங்கும் முளைக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் எடுத்துப் போ என்றார். மாடுகள் வருஷக்கணக்கில் கடித்துக் கடித்து முழங்கால் உயரத்திலேயே நிறுத்திவைத்த மரங்கள். அடிமரம் மட்டும் என் தொடை பருமன். தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? குளிர்காலம் முடியப்போகும் ஒரு சனிக்கிழமை, மூன்றைத் தோண்டினேன்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் ஆனது. மண்ணைவிடக் கல்தான் அதிகம். நகரத்தின் ஓரம் நோபல் பார்க்கில் என்னோடு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் யாழ்ப்பாணத்து அண்ணாதான் வேன் ஓட்டி வந்திருந்தார். வாரம் முழுக்க பக்கத்து ஊர் டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். வேனை விட்டு இறங்கவேயில்லை.

"தம்பி, ஊரிலை இதை விறகெண்டும் எடுக்க மாட்டினம்."

"இருநூறு வருஷம் வாழும்ணா இது."

"அது வாழும். நீ திங்கக்கிழமை எழும்புவியோ?"

வியாழக்கிழமை வாடகை வீட்டு இன்ஸ்பெக்‌ஷன். வீட்டுக்காரரின் ஆள் வந்து பார்க்கும்போது கராஜில் மண் சிந்தியிருக்கக் கூடாது. போதாததற்கு, வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இந்த நாட்டில் இறங்கிய முதல் நாளே, ஷூ அடியில் ஒட்டியிருந்த ஊர் மண்ணில் கிருமி இருக்கும் என்று விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவன் நான். அன்றிலிருந்து மண்ணைக் கண்டால் கை தானாகத் தேய்க்கப் போகும். ஹோஸைத் திறந்துவிட்டு, பழைய பல் பிரஷால் இரண்டு மரங்களின் வேரையும் பளபளவென்று கழுவித் தொட்டியில் வைத்தேன். மூன்றாவதற்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. மலை மண்ணோடு, கட்டிய சாக்கோடு, அதை வேலியோரம் தள்ளிவிட்டேன்.

தோண்டப் போகுமுன் எட்டு வீடியோ பார்த்திருந்தேன். அடுத்த வாரம் பார்த்த ஒன்பதாவதில்தான் அது இருந்தது: அந்த வெள்ளைப் பூஞ்சைதான் பைனுக்குத் தண்ணீர் உறிஞ்சித் தரும் துணை. அதைக் கழுவிவிடவே கூடாது.

முதல் மரம் ஒன்றரை மாதத்தில் பழுப்பானது. இரண்டாவது பச்சையாகவே நின்றது. ரயிலுக்கு ஓடுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, நிழலுக்கு நகர்த்தி, நீர் தெளித்து, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். வேலையைவிட அதுதான் என்னைக் களைக்க வைத்தது.

"பச்சையாத்தானே நிக்குது, பிறகேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியிறாய்?"

"பைன் செத்த பிறகும் மாசக்கணக்குல பச்சையாவே இருக்கும்ணா."

"ஓ, அப்ப எங்களை மாதிரி," என்றார் அண்ணா. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, ஷூகூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்திருந்தார்.

வசந்தம் முடியும் நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிமரத்தை லேசாகப் பிடித்து ஆட்டினேன். முழு மரமும் கையோடு வந்துவிட்டது. ஒரு புது வேர்கூட இல்லை. அழுகை வரவில்லை, உட்கார வேண்டும் போலிருந்தது.

செத்த இரண்டையும் தூக்கிக்கொண்டு தோட்டக் குப்பைத் தொட்டிக்குப் போகும் வழியில்தான் வேலியோரச் சாக்கைப் பார்த்தேன். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை, மழை மட்டும்தான். அதன் ஒவ்வொரு கிளை நுனியிலும் விரல் நீளத்துக்கு, மெழுகுவர்த்தி மாதிரி வெளிறிய குருத்து.

வேரைப் பார்த்துவிட வேண்டும். குனிந்து சாக்கின் முடிச்சில் கை வைத்தேன்.

"டேய்!" சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணா கத்தினார். "அதையும் குளிப்பாட்டப் போறியோ?"

கையை எடுத்துக்கொண்டேன். செத்த இரண்டையும் குப்பைத் தொட்டிக்குள் அமுக்கினேன். மூடியைச் சாத்த முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.