பச்சைப் பலகை வைத்த ஆலை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் திருப்போரூருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். செங்கல்பட்டில் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு என்னை வேதியியலில் முனைவர் பட்டம் வரை படிக்க வைத்தவள் அம்மா. என் அண்ணன் அதே ஆலையில் ஏற்கெனவே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தான்.

சவுக்குத் தூளையும் வேர்க்கடலை ஓட்டையும் நீராவியில் வேகவைத்தால் அதற்குள் இருக்கும் சர்க்கரை பிரியும். அந்தச் சர்க்கரையை ஃபர்ஃப்யூரல் என்ற திரவமாக மாற்றலாம். பாதாம் வாசனை அடிக்கும். பிசின் தயாரிப்பவர்கள் வாங்குவார்கள். வழக்கமாக இதற்குக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள், கழிவிலும் அதுதான் மிஞ்சும். நான் ஆய்வில் செய்தது களிமண்ணால் ஆன வினையூக்கி, மிளகளவு உருண்டைகள். அமிலத்தின் வேலையை அவையே செய்துவிடும். வடிகட்டி எடுத்து, மேலே படிந்த கரியை உலையில் எரித்துவிட்டு மறுபடியும் போடலாம். அதற்காகத்தான் முதலாளி என்னை எடுத்தார். வாசலில் பச்சை நிறத்தில் 'இயற்கையின் நண்பன்' என்று பலகை வைத்தார்.

முதல் முறை திரவம் சொட்டியபோது அண்ணன் மோந்து பார்த்துவிட்டு, "மண்ணப் போட்டு தைலம் எடுக்கறியே, பலே ஆளுதான் நீ" என்றான். அன்று இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து பரோட்டா தின்றோம்.

கரியை எரிக்க அரை நாள் பிடித்தது. அந்த நேரத்தில் ஆலை நிற்பது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பரிசோதனைக்கென்று என்னைச் சென்னைக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது கொட்டகைக்குப் பின்னால் அமிலப் பீப்பாய்கள் நின்றன. அண்ணனின் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது.

"இன்னாண்ணா இது?"

"குழா கழட்டசொல்லோ தெறிச்சிடுச்சி. நீ அந்தாண்ட போனதுமே உன் உருண்டைய மூட்ட கட்டிட்டாங்கோ."

கழிவு ஏரிக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"கஸ்டமர் வர்ற அன்னிக்கு உங்க உருண்டையப் போட்டு ஓட்டுவோம் மேடம். மத்த நாள் நான் வியாபாரம் பண்ணணும் இல்லையா?"

அப்படியே நடந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் இருவர் வந்தார்கள். காலையில் என் வினையூக்கி ஓடியது, நானே விளக்கினேன். மதியம் மாமல்லபுரத்தில் கடலோர விடுதியில் சாப்பாடு. அங்கே, முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். அமிலம், கால்வாய், அண்ணனின் கை. கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்று நம்பினேன்.

இருவரில் மூத்தவர் ஒரு மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சான்றிதழ்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன?" என்று முதலாளியிடம் கேட்டார். இருக்கின்றன என்றார் முதலாளி. பிறகு புலிக்குகை எவ்வளவு தூரம் என்று பேச்சு மாறிவிட்டது. மிச்சச் சோற்றை நான் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் வாசலில் என்னையும் அண்ணனையும் உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

"நீ பேசிட்டு பூட்ட. உனுக்குப் படிப்பு கீது, வேற எடம் கெடைக்கும். என் பொழப்பு இன்னாவறது?"

"உன் கையப் பாத்துத்தான பேசினேன்."

"என் கை. நான் உன்னப் பேசச் சொன்னனா?"

எனக்கு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அண்ணன் கடப்பாக்கத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கப் போனான். அம்மாவின் சாவுக்கு வந்தான், ஆக வேண்டியதை மட்டும் பேசினான். ஆலை பல வருடம் அமிலத்திலேயே ஓடி, ஏற்றுமதி பெருகி, பக்கத்து நிலத்தையும் வாங்கி வளைத்துக்கொண்டது. முதலாளிக்குச் சுற்றுச்சூழல் விருது கொடுத்த செய்தியைக் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். நல்ல மனுஷன் போலிருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது, போனேன்.