மிருதங்கத்தோடு ஒரு பெண்பிள்ளை

பெண்கள் பாடசாலையில் சங்கீதம் கற்பிப்பவளுக்குக் குரல்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் குரல்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத்தான் வெளியிலிருந்து ஓர் ஆணை அழைத்துவர வேண்டும். யுத்த காலம் முழுவதும் கொழும்பில் இத்தொழிலைச் செய்தவள் நான். அந்த ஆணின் வரவுக்காக என்னைப் போலவே வாசலில் காத்து நின்ற ஆசிரியைகளே, உங்களுக்கு இவை புதுமையாக இரா. ஆயினும் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் ஆறவில்லை.

விரல்கள்

அழைத்து அழைத்துச் சலித்து, என் மாணவி ஜெயமதியையே மிருதங்கம் பழக்குவதென்று தீர்மானித்தேன். ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறை வீட்டுப் பிள்ளை. கையில் அகப்பட்ட பலகையிலெல்லாம் தாளம் போடுபவள். தகப்பனார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சாதாரண தரப் பரீட்சை முடிவதற்குள் ஒரு முழுக் கச்சேரிக்கு மேடையில் வாசித்துவிட்டால் மேலே படிக்கலாம். இல்லையேல் புறக்கோட்டையில் துணிக்கடை வேலை.

வெள்ளவத்தையில் மிருதங்கம் பழக்கும் சிவபாலன் மாஸ்ரரிடம் அவளை அழைத்துச் சென்றேன். பையன்களின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாஸ்ரர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். நான் விடாமல் வாதாடியபின், கடைசி வரிசையில் இருக்கட்டும் என்றார். ஆனால் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரீச்சர், பொடியன்ர விரல் காய்ச்சுப்போனால் அது அவனுக்குப் பட்டம். பொம்பிளைப் பிள்ளையின்ர விரல் காய்ச்சுப்போனால் அவளை ஆர் கட்டுவினம்?"

மென்மையும் வேகமும்

ஒரு சங்கீத சபையின் தராதரப் பரீட்சைக்கு அவளை அனுப்பினேன். "அடி மெதுவாயிருக்கு, பொம்பிளைக் கை" என்று பரீட்சகர் சித்தியடைய விடவில்லை. பிள்ளை அழவில்லை. மறுவருடம் வரைக்கும் வீட்டில் பாயை மடித்துப் போட்டு, அதன் மேல் அடித்து அடித்துக் கையைத் திடப்படுத்தினாள்.

மறுவருடமும் அதே பரீட்சகர். அவள் வாசித்தபோது கதவுக்கு வெளியே நின்ற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். இம்முறை முழுப் புள்ளி என்று நம்பியிருந்த என்னை அவர் தனியே அழைத்தார். "கை நல்ல கைதான் ரீச்சர். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு வேகம் அடக்கமாய் இல்லை."

கட்டை

பரீட்சைதான் போயிற்று, மேடையாவது கிடைக்கட்டும் என்று நகரில் பெயர் பெற்ற வித்துவான் ஒருவரை அணுகினேன். ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் பாடுவது வழக்கம். மிருதங்கமும் அதற்கேற்ப வேறுபடும். எங்கள் பாடசாலையில் இருந்ததோ பெண்குரலுக்குரிய சிறிய மிருதங்கம் மட்டுமே. வித்துவான் அவளது வாசிப்பைக் கண்மூடிக் கேட்டார்; தலையும் அசைத்தார். பிறகு சிரித்தார். "பிள்ளை நல்லா வாசிக்குது. அதுக்காக என்னை ஐஞ்சு கட்டையில நிண்டு கத்தச் சொல்லுறியளோ?"

சோதனைச் சாவடி

சாதாரண தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. கொட்டாஞ்சேனையில் அதே வித்துவானின் கச்சேரி. தொடக்கத்தில் எங்கள் மாணவியரின் இறைவணக்கம். கச்சேரியை நடத்திய சபையார் அனுப்பிய வான் வண்டியில் வித்துவான், அவருக்கு வாசிக்கும் சிவபாலன் மாஸ்ரர், நான், ஜெயமதி. வழியில் இராணுவத்தினர் மறித்தார்கள். மாஸ்ரர் யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டை வேறொரு சட்டைப் பையில் மறந்து வந்துவிட்டார். ஒரு சொல்லும் கேளாமல் அவரை இறக்கிக் கொண்டு போனார்கள்.

அடுத்து அவருடைய பெரிய மிருதங்கத்தை இறக்கினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, சிப்பாய் ஒருவர் தோலைக் கிழிப்பதற்குக் கத்தியை எடுத்தார். ஜெயமதி குதித்து இறங்கி, உள்ளே ஒன்றுமில்லை, பொருள் இருந்தால் நாதம் வராது என்று சிங்களத்தில் சொன்னாள். சிப்பாய் கத்தியைத் தாழ்த்தினார். "எஹெனங் கஹலா பென்னண்ட, நங்கி" என்றார். அப்படியானால் அடித்துக் காட்டு, தங்கச்சி.

அவள் தெருவோரத்தில் சப்பணமிட்டு அமர்ந்து வாசித்தாள். சிப்பாயின் துவக்குக் குழல் அவள் தோளுக்கு மேலே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அடையாள அட்டையை நீட்டியபடியே கேட்டார்கள். அவள் முடிவுத் தீர்மானம் வாசித்து நிறுத்தியபோது சிப்பாயின் சப்பாத்துக் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. "ஹரி லஸ்ஸனய், நங்கி. யண்ட." மிக அழகு, போகலாம்.

திரை

மண்டபத்துக்குப் போனதும் சபைச் செயலாளர் மாஸ்ரரை மீட்க ஒரு சட்டத்தரணியோடு விரைந்தார். சனம் நிறைந்திருந்தது. வேறு மிருதங்கக்காரர் அகப்படவில்லை. மாஸ்ரரின் ஒரு கட்டை மிருதங்கம் கையில் இருந்தது. அதை வாசிக்கும் கையையும் வித்துவான் தெருவில் வைத்தே கேட்டிருந்தார். "இனி என்ன தடை?" என்றேன்.

அவர் நீண்ட நேரம் சால்வையைச் சரிசெய்தார். "வாசிக்கட்டும். ஆனால் எனக்குப் பக்கத்தில வேண்டாம். சனம் பாட்டைக் கேளாது, பிள்ளையைத்தான் பார்க்கும். மேடையில ஒரு திரை கட்டி, அதுக்குப் பின்னால இருக்கட்டும்." செயலாளரின் ஆட்கள் வேட்டி ஒன்றைத் தேடவும் தொடங்கிவிட்டார்கள். ஜெயமதியின் தகப்பனாரும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் வாசித்ததை அவர் மேடை என்று ஒப்புக்கொள்வாரா?

ஜெயமதி மிருதங்கத்தை மடியோடு அணைத்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னாள்: "ஆளுங்க என்னயத்தான் பார்ப்பாங்கன்னா, நீங்க தெரைக்குப் பின்னால போயிருங்க சேர். பாட்டு நல்லாவே கேக்கும்."

மாஸ்ரர்

திரை கட்டப்படவில்லை. அவள் வித்துவானுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் அமர்ந்து முழுக் கச்சேரிக்கும் வாசித்தாள். தனியாவர்த்தனம் முடிந்தபோது தகப்பனார் எழுந்து நின்று கைதட்டினார். மேற்படிப்புக்கு அதன்பின் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் விடுவிக்கப்பட்ட சிவபாலன் மாஸ்ரர், முகச்சவரம்கூடச் செய்யாமல் என் வீட்டுக்கு மிருதங்கத்தை எடுக்க வந்தார். தேநீர் கொடுத்தேன், அவருடைய மாணவி அவர் பெயரைக் காப்பாற்றிய விதத்தைப் பெருமையோடு விவரித்தேன். அவர் தேநீரைத் தொடவில்லை. மிருதங்கத்தின் தோலைத் துவாயால் திரும்பத் திரும்பத் துடைத்தார். "ஒரு இரவு முழுக்க என்னைக் கூட்டில வைச்சிருந்தாங்கள், ரீச்சர். அது பெரிசில்லை. என்ர மிருதங்கத்தில ஒரு பொம்பிளைப் பிள்ளை கை வைச்சிட்டாளே, இனி நான் பொடியளின்ர முகத்தில எப்படி முழிப்பன்?"

அத்தனை வருடங்களில் அந்தப் பிள்ளையின் விரலையும் அடக்கத்தையும் சுருதியையும் விசாரியாமல் 'அடித்துக் காட்டு' என்று மட்டும் கேட்ட ஒரே ஆண், கையில் கத்தியோடு நின்ற அந்தச் சிப்பாய்தான் என்பதை, சகோதரிகளே, நான் எந்தச் சபையில் போய்ச் சொல்வது?