ஆச்சிக்கான மீன்

அக்னெஸ் பத்தொன்பது வருடமாக நீச்சலுடை தைக்கிறாள். ஷாபனெல் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் தொழிற்சாலை. யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் யன்னல்தான் தெரியும். அவள் தைத்த உடுப்புகள் போகாத கடற்கரை இல்லை. அவள்தான் கனடாவுக்கு வந்த நாள் முதல் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. வயது ஐம்பத்தேழு. பேரப்பிள்ளை கிடையாது. கண்ணாடி போடாமலே ஊசிக்கு நூல் கோர்ப்பாள். அப்படிப்பட்டவளை ஊர் கேட்க ஆச்சி என்று கூப்பிட ஆரம்பித்தவர் அருமைநாதன்.

அருமைநாதனுக்கு அவளைவிட நாலு வயது கூட. லவாலில் வீடு, வீட்டு முற்றத்தில் படகு. படகு இருப்பதால் தேவாலயப் பங்கு மக்களின் மீன்பிடிக் குழுவுக்கு அவரே தலைவர், அவரே செயலாளர், அவரே ஓட்டி. ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் பாஸ் மீன் பிடிக்க அனுமதி திறந்ததும் குழு சான் லூயி ஏரிக்குக் கிளம்பும். பாஸ் மீனுக்கு கியூபெக் பிரெஞ்சில் அஷிகான் என்று பெயர். எங்கள் ஆட்களின் வாயில் அது முதலில் அச்சிகான் ஆகி, ஒரே கோடையில் ஆச்சிக்கான் ஆகிவிட்டது.

போன வருடம் அக்னெஸ் படகில் ஓர் இடம் கேட்டாள். கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி அருமைநாதன் சொன்னார்: "ஆச்சிக்கான் பிடிக்க ஆச்சியே வாறாவாம்! நீங்கள் கரையில இருங்கோ ஆச்சி. நாங்கள் பிடிச்சுக்கொண்டு வாறம், நீங்கள் வெட்டித் தாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்ட இடம் அவளுடைய புருஷன் கிறிஸ்தோப்பருக்குப் போனது. கிறிஸ்தோப்பர் நல்ல மனிதர், ஆனால் நூற்றறுபத்தைந்தாம் நம்பர் பஸ் ஒரு திருப்பத்தில் திரும்பினாலே கம்பியைக் கட்டிப்பிடிப்பவர். ஒரு மணித்தியாலத்தில் முகம் வெளிறி, வயிற்றில் இருந்ததையெல்லாம் ஏரிக்குக் கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்தார். அக்னெஸ் அன்று பதினொரு மீன் வெட்டினாள். ஒவ்வொன்றின் தலையையும் வெட்டும்போது யாரை நினைத்தாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பொம்பிளை ஏறினால் வள்ளம் விளங்காது என்ற கதையை அவள் பிறந்த ஊரான பேசாலைக் கடற்கரையிலேயே கேட்டு முடித்தவள். அதே கதையைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சல் பனிக்காலம் முழுக்க ஆறவில்லை.

இந்த வருடம் மே மாதம் குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் வந்தது. தன் தூண்டில் தடிகளை இரவல் வாங்கி முறிப்பவர்களை நினைத்து அருமைநாதன் எழுதியது: "சொந்தத் தடியோட வாறவைக்குத்தான் படகில இடம்." அக்னெஸ் அதை மூன்று தரம் வாசித்தாள். ஆம்பிளை என்று எங்கேயும் இல்லை. உடனே போன் எடுத்தாள்.

"அண்ணை, நான் வாறன். ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ."

"பகிடி விடாதேங்கோ ஆச்சி."

"நீங்கள் எழுதினதைத்தான் அண்ணை நான் வாசிச்சனான்."

அருமைநாதன் தன் அறிவித்தலை ஒருதரம் முணுமுணுத்து வாசித்தார். பிறகு அருமைநாதன் சொன்னார்: "சரி, வாங்கோ. ஆனா வெறுங்கையோட திரும்பினியள் எண்டா இனிச் சாகுமட்டும் படகுக் கதை எடுக்கப்படாது. கத்தியும் நீங்களும் கரையில."

"ஓம்," என்றாள் அக்னெஸ். சொன்ன பிறகுதான், தன்னிடம் தடியும் இல்லை, தடி பிடிக்கவும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. வாய் முந்திவிட்டது. இனிக் கை அதை எட்டிப் பிடிக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மகள் றொசானாவையும் இழுத்துக்கொண்டு ஒறேஞ்ச் லைன் மெட்ரோவில் கடைசி ஸ்டேசன் வரை போய், பஸ் பிடித்து, லவாலில் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் இறங்கினாள். நரைத்த குடுமி வைத்த விற்பனையாளர் றொசானாவிடம் பிரெஞ்சில், அப்பாவுக்குப் பரிசா என்று கேட்டார்.

"பூர் முவா," என்றாள் அக்னெஸ். எனக்குத்தான்.

அவர் சிரித்த முகத்தோடு போய், ரோஸ் நிறத்தில் ஒரு குட்டித் தடியை எடுத்து வந்தார். அக்னெஸ் மகளைப் பார்த்தாள். "நான் குளிக்கிற தொட்டியில விளையாடப் போகேல்லை எண்டு இவருக்குச் சொல்லு." றொசானா அதை நாகரிகமான பிரெஞ்சில் சொன்னாள், அம்மா சொன்னதில் பாதிதான் அதில் இருந்தது.

அக்னெஸ் கைப்பையிலிருந்து ஒரு கிராங்க்பெய்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள். போன வருடம் கிறிஸ்தோப்பரின் சேர்ட்டில் கொளுவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது அது. குழுவில் அதைப் பொய்மீன் என்பார்கள். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்ரிக் மீன். தாடைக்குக் கீழே கரண்டி போல ஒரு நாக்கு. வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முள்ளுத் தூண்டில். நூலைச் சுருட்டச் சுருட்ட அந்த நாக்கு தண்ணீரைத் தள்ளி, பொய்மீனை ஆழத்துக்குக் கொண்டுபோகும். அது நெளிந்து நெளிந்து போக, மெய்மீன் ஏமாந்து கடிக்கும்.

"இதுக்கு ஏத்த தடி வேணும்."

விற்பனையாளர் ஒரு கறுப்புக் கார்பன் தடியைக் கொண்டுவந்தார். எல்லோரும் வாங்குவது இதைத்தான், மீன் மூச்சு விட்டாலும் கைக்குத் தெரியும் என்றார். அருமைநாதனிடம் இருப்பதும் அதே சாதிதான். அக்னெஸ் றொசானாவை நுனியைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். நுனி மட்டும் கொஞ்சம் வளைந்தது. மிச்சம் கம்பி மாதிரி நின்றது. இன்னொன்றைக் கேட்டாள். இன்னொன்றை. கடைசியில் ஒரு மூலையிலிருந்து, கண்ணாடி நார் கலந்த ஏழடித் தடி ஒன்று வந்தது. இழுத்தபோது அது நடு இடுப்பு வரைக்கும் வளைந்து, விட்டதும் சோம்பல் முறித்து நிமிர்ந்தது. அக்னெஸின் முகம் மாறியது.

நீச்சலுடையில் அவள் கற்ற பாடம் ஒன்றுதான். இழுபடும் இடத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். துணி இழுபட, நூல் இழுபடாவிட்டால், போட்டவள் முதல்தரம் குனியும்போதே தையல் பறந்துவிடும். பாஸ் மீனின் வாயோ மெல்லிய தோல். பொய்மீனில் இருப்பதோ சின்னச் சின்ன முட்கள். நூலும் இளகாமல், தடியும் இளகாமல் இழுத்தால் கிழிவது மீனின் வாய். இதைச் சொல்ல அவளுக்குப் பிரெஞ்சு போதவில்லை. தன் சட்டைக் கையின் தையலை இழுத்துக் காட்டி, "சா காஸ்," என்றாள். உடையும்.

விற்பனையாளர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். எத்தனை வருடமாக மீன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பிடிக்கேல்லை எண்டு சொல்லு. தைச்சனான்."

அதற்குப் பிறகு அந்த மனிதர் ரோஸ் நிறத்தின் பக்கமே போகவில்லை. நூல் சுருள் இரண்டை அவள் முன் வைத்தார். ஒன்று பின்னல் நூல். துளியும் இழுபடாது, தண்ணீரில் மிதக்கும். மற்றது ஃப்ளூரோகார்பன், பார்வைக்குத் தங்கூசி நைலோன் போல, கொஞ்சம் இழுபடும், தண்ணீரில் தாழும். நூல் மெலிய மெலியப் பொய்மீன் ஆழமாகப் போகும் என்றார். அக்னெஸ் இரண்டையும் விரலில் சுற்றிப் பார்த்து, தாழ்கிற நூலில் பன்னிரண்டு இறாத்தல் தாங்குவதை எடுத்தாள். நூல் சுருட்டும் ரீலிலும் அப்படித்தான். வேகமாகச் சுருட்டுகிறதை ஒதுக்கினாள். கைப்பிடியை ஒருதரம் சுற்றினால் உள்ளே உருளை ஐந்து தரம் சுற்றுகிற மெதுவானதை வாங்கினாள். தடித்த மடிப்பைத் தைக்கும்போது மெசினை மெதுவாக மிதிப்பவளுக்கு, மெதுவுக்குத்தான் பலம் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது றொசானா சொன்னாள்: "அம்மா, எல்லாரும் அந்தக் கறுப்புத் தடிதானே வச்சிருக்கினம். இதைப் பாத்துச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். தடி வளையட்டும் பிள்ளை. நான் வளைய மாட்டன்."

மூன்று கிழமை, வேலை விட்டு வந்ததும் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுப் பின் ஒழுங்கையில் எறிந்து பழகினாள். நூல் நுனியில் ஓர் ஈயக்கட்டி, இலக்கு ஒரு நீலக் குப்பைப் பெட்டி. முதல் கிழமை ஒவ்வோர் எறிக்கும் உருளை தறிகெட்டுச் சுழன்று நூல் சிக்கானது. கிறிஸ்தோப்பர் படியில் குந்தியிருந்து சிக்கெடுத்தார். தண்ணீரில் உதவாதவர் தரையில் பொன்னான மனிதர். இரண்டாம் கிழமை, மெசின் பொபினை அடக்குவது போல உருளையின் மேல் பெருவிரலை மெல்ல வைத்தாள். சிக்கு நின்றது. மூன்றாம் கிழமை குப்பைப் பெட்டிக்கு அடி விழுந்துகொண்டே இருந்தது.

அந்த நாளும் வந்தது. படகில் அருமைநாதன், குழுவில் இன்னும் இரண்டு பேர், முன் இருக்கையில் உயிர்காப்பு அங்கியோடு அக்னெஸ். அருமைநாதன் அவளுடைய தடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, அவிச்ச நூடில்சே கொண்டு வந்தனீங்கள்?" என்றார். அவள் பொய்மீனை நூல் நுனியில் முடிந்தாள்.

மீன் கடித்ததும் தடியைச் சுண்டி இழுப்பதற்கு எங்கள் ஆட்களின் சொல் "வெட்டு." கைநூலில் பழகியவர்களுக்கு அது இரத்தத்தில் ஊறியது. ஒன்பது மணிக்கு அருமைநாதனுக்கு ஒன்று கடித்தது. வெட்டினார், நூல் வெறுமையாக வந்தது. பத்துக்கு இன்னொன்று. இன்னும் பலமாக வெட்டினார். "முள்ளுச் சரியில்லை," என்றார். மற்ற இருவரும் அவரிடம் பழகியவர்கள்தானே. அவர்களுக்கும் அதே கதை.

அக்னெஸுக்குக் கடிக்கவே இல்லை. பன்னிரண்டுக்குக் கரை திரும்ப வேண்டும். பதினொன்றரை ஆகிவிட்டது. கரையில் கத்தி காத்திருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எறிந்தாள். பொய்மீன் அடியில் கல்லில் முட்டுவது நூல் வழியே விரலுக்கு வந்தது. டக். டக். மூன்றாவது டக் வரவில்லை. ஈரச் சேலையை இழுப்பது போல ஒரு பாரம் வந்தது.

"வெட்டுங்கோ ஆச்சி! வெட்டுங்கோ!" அருமைநாதன் எழுந்தே நின்றுவிட்டார்.

கரையிலும் வெட்டு, படகிலும் வெட்டு. இந்த மனிதருக்கு அவளிடம் சொல்ல வேறு சொல்லே இல்லை. அவள் வெட்டவில்லை. சுருட்டிக்கொண்டே இருந்தாள். தடி நடு இடுப்பு வரை வளைந்தது. மீன் தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறியது. தடி அந்த உதறலை வாங்கிக்கொண்டது. மறுபடி பாய்ந்தது, மறுபடி வாங்கிக்கொண்டது. கடைசியில் அருமைநாதனே வலையை நீட்டி அள்ளினார். முழங்கை நீளம். ஒரே ஒரு முள், வாயோரத்தில், நூலிழை அளவு தோலில் நின்றது.

அவர் அந்த முள்ளையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தார்.  அன்று படகில் வந்த ஒரே மீன் அதுதான்.

கரையில் கிறிஸ்தோப்பர் அடுப்பு மூட்டியிருந்தார். குழுவில் பாதிப்பேர் சுற்றி நின்றார்கள். அருமைநாதன் மீனைப் பலகையில் வைத்தார். பழக்கதோஷம், பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, பிடியை அக்னெஸின் பக்கம் நீட்டினார். "இந்தாங்கோ ஆச்சி."

அக்னெஸ் கைகளைத் துவாயில் துடைத்தாள். மடக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஆச்சி எண்டா நீங்கள் தம்பி. இது ஆச்சிக்கான மீன். செதில் நல்லாப் போக வெட்டித் தாங்கோ, தம்பி."

யாரும் சிரிக்கவில்லை, கிறிஸ்தோப்பர் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அருமைநாதன் கத்தியின் பிடியைத் தன் பக்கம் திருப்பினார்.